புரட்டாசி வந்தது: தங்கவயல் வீடுகளில் ஊசியும் களைக்கொத்தும்

கோலார் தங்கவயலில் புரட்டாசி பிறந்துவிட்டால் லைன் வீட்டுத் திண்ணைகளில் இரண்டு வேலைகள் தொடங்கும். ஒன்று, பழைய புடவைகளை அடுக்கிப் போர்வை தைப்பது. மற்றொன்று, வாசலிலோ கொல்லையிலோ பாய் அகலத்துக்கு இருக்கும் மண்ணைக் கொத்தி அவரை ஊன்றுவது. இரண்டும் மார்கழி, தை மாதங்களுக்கான முன்னேற்பாடு.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கும் ஊர் இது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் குளிர் புதிது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையே கொதிக்கும். இரவு ஷிப்டு முடிந்து வியர்வையோடு மேலே வருகிறவர் மார்கழிப் பனியில் நடந்து வீடு சேர வேண்டும். அவருக்கு வீட்டில் கனமான போர்வை ஒன்று காத்திருக்க வேண்டாமா? சம்பளத்தில் கம்பளி வாங்க முடியாத வீடுகளில் பழம்புடவைதான் கம்பளியானது.

புடவைக் கணக்கு

சாம்பியன் ரீப் லைனில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா இன்றும் தைக்கிறார். அவர் சொன்ன கணக்கு இது.

ஐந்தரை கெஜப் புடவையை மூன்றாக மடித்தால் ஐந்தரை அடி நீளம் வரும். மூன்று மடிப்பு கனமும் கிடைக்கும். ஒரு புடவை ஒரு குழந்தைக்குப் போதும். பெரியவர்களுக்கு இரண்டு புடவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஓரம் நான்கு விரல் ஏறும்படி வைத்து, மேலே இன்னும் இரண்டைப் பரப்ப வேண்டும். ஆக நான்கு புடவை, ஆறு மடிப்பு.

துணியை முதலில் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் நாற்றம் போகாது. நூல் புடவையே நல்லது. நைலக்ஸ் வழுக்கும், உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது. தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நான்கு மூலையிலும் அம்மியோ கல்லோ வைத்துவிட்டு, இரட்டை நூலில் ஓரத்திலிருந்து ஓட்டுத் தையல் போட்டு உள்ளே வர வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் துணி கோணிப்போகும். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி. கிழிந்த இடத்தில் ஒட்டுத்துணி.

இதைக் கன்னடத்தில் கவுதி என்பார்கள். தெலுங்கில் பொந்த. வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகள் வெளிநாட்டுக் கண்காட்சி வரை போயிருக்கின்றன. அவர்கள் போர்வையின் மூலைகளில் துணியை மடித்துப் பூ வைத்துத் தைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கருதுவார்கள்.

"கடையில் போர்வை மலிவாகக் கிடைக்கிறதே?" என்று ஆயாவைக் கேட்டேன். "கிடைக்கும் தம்பி. எங்க அம்மா புடவை எந்தக் கடையில கிடைக்கும்?" என்று திருப்பிக் கேட்டார்.

மண் எங்கிருந்து வந்தது?

இனி தோட்டம். நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறையக் குறையத்தான் பூ பிடிக்கும். விதையை ஓர் இரவு ஊறவைத்து இப்போது ஊன்றினால், பந்தல் சிறியதாக இருந்தாலும் தை மாதத்தில் குழம்புக்குக் காய் உண்டு. அசுவினி தாக்கினால் விடியற்காலைப் பனி ஈரத்தில் சாம்பல் தூவலாம். கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம். முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். அரிசி கழுவிய நீரே இத்தனைக்கும் பெரும்பாலும் போதும்.

ஆனால் தங்கவயலில் விதையைவிட மண்ணைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியும், பின்னர் அரசும் தோண்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு இங்கே மலை மலையாகக் கிடக்கிறது. 3 கோடி டன்னுக்கு மேல் என்பது கணக்கு. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினார்கள். மண்மேடுகள் அப்படியே நின்றுவிட்டன. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும்.

அந்த மண் பார்வைக்கு மிருதுவாக இருக்கும். பாத்தி கட்ட வசதி என்று சிலர் கூடையில் அள்ளி வருகிறார்கள். வேண்டாம். அதில் சத்தும் இல்லை, பயிருக்கும் பிள்ளைகளுக்கும் ஆகாத உலோகங்களும் உண்டு. மேடுகளுக்கு எட்ட உள்ள இடத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து, மக்கிய சாணத்தைக் கலந்து, பழைய டின்னிலோ சாக்கிலோ நிரப்புங்கள். மேட்டுக்கு அருகில் குடியிருப்பவர்கள் தரையில் கீரையும் கிழங்கும் போடாமல் பந்தலில் ஏறும் அவரை, புடலை, பாகல் போடுவது நல்லது. எதையும் நன்றாகக் கழுவாமல் சமைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

சுரங்கம் மூடிய பிறகு ஊரின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூர் புறப்படும் வண்டிக்கு டிக்கெட் கேட்டு நீளும் கைகளில் பாதி இளம் கைகள். ஆயாவின் பேத்தியும் அந்த வண்டியில்தான் போகிறாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் சட்டைக் காலர் தைக்கிறாள். மெஷினில் அவள் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் கையால் ஒரு போர்வை தைக்கத் தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆயா அவளை உட்காரவைத்து ஊசியைக் கொடுத்தார். முதல் வரி கோணிப்போனது. பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார். மதியத்துக்குள் நான்கு வரி நேராக வந்தது. இப்படி வாரம் ஒரு நாள் உட்கார்ந்தால் மார்கழிக்குள் முடிந்துவிடும் என்கிறார்.

உங்கள் வீட்டிலும் பெட்டியின் அடியில் நான்கு பழம்புடவைகள் இருக்கும். பாத்திரக்காரருக்குப் போடும் முன் ஒரு முறை யோசியுங்கள். தைக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவையுங்கள்.