ஆடியில் சிங்கப்பூர் ஏன் தள்ளிப்போகிறது?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் நேரமும் திரும்பி வரும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடிகாரத்தில் உள்ள இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகும் ஆடி மாதத்தில் போகும்போது கூடுகிறது, வரும்போது குறைகிறது. விமானத்துக்குக் கீழே பூமி சுழன்றுபோவதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அப்படியில்லை. காற்றுமண்டலம் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது.

ஆடியில் தஞ்சைப் பக்கம் வாழையைச் சாய்க்கும் மேல்காற்று கிழக்கே போகிற விமானத்துக்கு உதவும் என்றுதான் தோன்றும். ஆனால் அதன் ஆட்டமெல்லாம் ஐந்தாறு கிலோமீட்டர் உயரம் வரைதான். அதற்கு மேலே திசை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை, 14, 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 100 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர்.

இதன் பிறப்புதான் அழகு. கோடையில் திபெத் பீடபூமி கொதிக்கிறது. சூடான காற்று உப்பி உயர்வதால், அந்த உயரத்தில் இந்தியப் பெருங்கடலைவிட வடக்கே அழுத்தம் அதிகம். காற்று தெற்கே இறங்கப் பார்க்கிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்புகிறது. தெற்கே பார்த்து நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் மேற்கு!

திபெத்தைத் தலைமதகு என்று வைத்துக்கொண்டால் நம் வானம் ஒரு வாய்க்கால். நடுவில்தான் இழுப்பு அதிகம். 10, 12 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானம் கரையோரமாக எதிர்நீச்சல் போடுகிறது. மார்கழியில் இந்த மதகு அடைபட்டு, காற்றாறு நின்றுவிடும்.

இந்த ஜெட் காற்றைப் பற்றி 1958இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். திபெத்தைச் சூடாக்கும் அதே கோடைதான் தென்மேற்குப் பருவமழையையும் இழுத்துவந்து, குடகிலும் வயநாட்டிலும் பெய்யவைத்து, மேட்டூரை நிரப்புகிறது. குறுவைக்குத் தண்ணீர் வரும் பருவமும் சிங்கப்பூர்ப் பயணம் நீளும் பருவமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல.

காற்று எதிர்க்காமல் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு வானத்திலிருந்து ஓர் உதாரணம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து லண்டன் போன பயணிகள் விமானம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 1,290 கி.மீ. வேகத்தைத் தொட்டபோது, ஒலியை முந்தியதாகவே சிலர் எழுதினார்கள். அது தரையிலிருந்து அளந்த வேகம். தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அந்த விமானம் வழக்கமான வேகத்தில்தான் போனது. மிச்சத்தைத் தந்தது பின்காற்று.

திருச்சி, சிங்கப்பூர் இடையே தூரம் சுமார் 2,980 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 850 கி.மீ., காற்றின் வேகம் 50 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். போக 3 மணி 43 நிமிடம், வர 3 மணி 19 நிமிடம். ஏறுவதும் இறங்குவதும் ஓடுதளத்தில் ஊர்வதும் தனி. போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். காற்றே இல்லாத நாளைவிட மொத்தத்தில் ஒன்றரை நிமிடம் கூடுதலாகவே ஆகும். தடுக்கும் காற்றில் விமானம் அதிக நேரமும் தள்ளிவிடும் காற்றில் குறைந்த நேரமும் இருப்பதால் வருகிற நட்டம் அது.