கிருதுமாலும் சாக்கடையும்

மதுரை என்றவுடன் வைகையை நினைக்கிறோம். அந்நகருக்கு மற்றொரு நதியும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? துவரிமான் பக்கத்தில் புறப்பட்டு, காளவாசலுக்கு அணித்தேயுள்ள பொன்மேனி, எல்லீஸ் நகர் வழியாக நகருக்குள் புகுந்து, அப்பால் குண்டாற்றை நோக்கிச் செல்லும் கிருதுமாலே அது. திராவிட தேசாதிபதியான சத்தியவிரதனின் கைந்நீரில் மச்சமூர்த்தி தோன்றியதாகப் பாகவதம் கூறும் கிருதமாலை இதுவே என்பர் பெரியோர். அந்த மீன் இன்று வருமாயின், ஒரு நாழிகையும் இதில் உயிர்தரிக்க இயலாது.

இது பரிகாசமன்று. சாக்கடை கலந்த நீரில், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் செலவழித்துவிடுகின்றன. மீன் மூச்சடைத்து மாள்கிறது. துர்நாற்றமும் கொசுவும் எஞ்சுகின்றன. கரையோரக் கிணறுகளும் கெடுகின்றன. இவ்வளவையும் முதலில் அநுபவிப்பவர் கரையில் குடியிருக்கும் ஏழைகளே.

தூர் வாரிச் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் போதுமென்பது சிலர் வாதம். சுவரால் வெள்ளம் விரைந்து வடியலாம், நீர் சுத்தமாகாது. வெள்ளிக் குடத்தில் ஊற்றினாலும் சாக்கடை சாக்கடையே!

லண்டன் மாநகரின் அநுபவத்தைக் கவனியுங்கள். 1858-ம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்தையே தாக்கிற்று. அதன்பின் பாஸல்ஜெட் என்னும் இஞ்சினீயர் பெருங்குழாய்கள் அமைத்துச் சாக்கடையை நகருக்குக் கிழக்கே கொண்டுபோனார். நகர் காலராவினின்று மீண்டது, நதி மீளவில்லை. 1957-ல் அந்நதியின் பெரும்பகுதி உயிரற்றது என்று கூறப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் விருத்தியடைந்த பின்னரே மீன்கள் திரும்பின. குழாய் மட்டும் போதாது. குழாயின் கடைசியில் சுத்திகரிப்பும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை. நம் அழுக்கை அயலூர் விவசாயியின் வயலுக்கு அனுப்புவது சுகாதாரமன்று, அநீதி.

ஆகவே வரிசை பிசகலாகாது. வீடுதோறும் பாதாளச் சாக்கடை இணைப்பு முதலாவது, சுத்திகரிப்பு இரண்டாவது, ஆற்றின் படுகையையும் கரையையும் சீர்திருத்துவது அதன் பின்னரே. வீட்டுக் கழிவை இரகசியமாக ஆற்றில் திருப்பிவிட்டு மாநகராட்சியை ஏசும் கனவான்களும் தம் கடமையை உணரவேண்டும்.

அடுத்த முறை வோட்டுக் கேட்டு வருபவரிடம், எத்தனை கஜம் சுவர் கட்டினீர் என்று கேளாதீர்கள். எத்தனை வீட்டுச் சாக்கடையை ஆற்றினின்று விலக்கினீர் என்று கேளுங்கள்.