அலங்காநல்லூர்: வாய்க்காலும் கரும்பாலையும்

மதுரை மாநகருக்கு வடமேற்கே சுமார் பத்து மைல் தொலைவில் உள்ளது அலங்காநல்லூர். இப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஜல்லிக்கட்டே எவர்க்கும் நினைவுக்கு வரும். 2017ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும், 2024இல் கீழக்கரையில் திறக்கப்பெற்ற அரங்கையும் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதிவிட்டன. அவ்வூரின் நிலத்தையும் நீரையும் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

வடக்கே சிறுமலைத் தொடர், தெற்கே வைகை. இடைப்பட்ட சமவெளி மழையையும் கண்மாயையும் நம்பியே நெடுங்காலம் பயிரிட்டு வந்தது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் திட்டம் பென்னிகுக் அவர்களின் பொறுப்பில் 1895இல் நிறைவேறியது. அந்நீர் வைகையில் கலந்து, பேரணையில் பெரியாறு பிரதான கால்வாய்க்குப் பிரிகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை அதற்கு மேலும் உறுதி தந்தது. கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலம் என்று கணக்கு. அதற்கு அப்பால் மேலூர்ப் பகுதி ஒருபோக நிலமே.

நீர் வந்தபின் நெல்லோடு கரும்பும் பெருகிற்று. கரும்பை விளைவிப்போரே பங்குதாரராக அமைந்த தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 1960களில் இங்கு எழுந்தது. நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் திறன் உடையதாக அது பின்னாளில் விளங்கியது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நெய்த சேலையைத் தீபாவளி வரை பீரோவில் வைத்திருந்து விற்கலாம். வெட்டிய கரும்போ ஒரு நாள் தாமதித்தாலும் எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆதலால் கரும்பு விவசாயி, தம் ஆலையை விட்டால் வேறு போக்கற்றவர். ஆலையும் அவ்வாறே. நூறு நாள் அரவைக்கு இரண்டரை லட்சம் டன் தேவை. ஏக்கருக்கு 40 டன் என்று கொண்டால் 6,250 ஏக்கர் வேண்டும். மேற்சொன்ன இருபோகப் பரப்பில் ஏழில் ஒரு பங்குக்கு இது சமம். கேட்பதற்குச் சிறிய அளவுதான்!

ஆனால் கரும்பு ஏறக்குறைய ஓராண்டுப் பயிர். கால்வாயில் ஆண்டு முழுவதும் நீர் ஓடாது. அடைப்புக் காலத்தில் கிணறே கதி. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. கிணறுகள் வற்றின, நட்டவர் நட்டம் அடைந்தனர். ஆலைக்குக் கரும்பு வரத்துச் சுருங்கிற்று. 2019ஆம் ஆண்டு வாக்கில் அரவையே நின்றுபோயிற்று. ஆலையை மீண்டும் இயக்கக் கோரி விவசாயிகளும் தொழிலாளரும் பலமுறை போராடினர்.

வறட்சி ஒன்றையே காரணமாகச் சொல்வது நமக்கு உடன்பாடன்று. மழை மீண்டும் பெய்தது. கரும்பு ஏன் திரும்பவில்லை? வெட்டுக் கூலி ஏறிக்கொண்டே போகிறது. கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் விலை தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேரும் என்பது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. விதி இருந்தும் விலைக்காகக் காத்திருந்தவர்களைத் தமிழகத்தின் பல ஆலை வட்டாரங்களிலும் காணலாம். ஒருமுறை காத்திருந்தவர் மறுமுறை நெல்லையோ வாழையையோ நாடுவதில் வியப்பில்லை. அதே சமயம், ஆலையில் பதிவு செய்த கரும்பை, சற்றுக் கூடுதல் விலைக்கு வெளியே அனுப்பும் வழக்கத்தையும் நாம் மறைக்க முடியாது. ஆலையின் நஷ்டம் பங்குதாரரின் நஷ்டமே அல்லவா?

இப்பொழுது நிலைமை ஒரு சிக்கலில் நிற்கிறது. ஆலை திறக்கட்டும், பிறகு நடுகிறோம் என்கிறார் விவசாயி. கரும்பு இருந்தால் திறக்கலாம் என்பது நிர்வாகங்களின் வழக்கமான மறுமொழி. அரவை தொடங்கும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே வயலில் கரணை ஊன்றியாக வேண்டும். ஆகவே, பதிவும் நடவுக் கடனும் விலைக்கான எழுத்து உறுதியும் ஒரு பருவத்திற்கு முன்னரே அங்கத்தினர் கைக்கு வந்து சேரவேண்டும். பொதுக்குழுக் கூட்டத்தில் நம் அங்கத்தினர்கள் முதலில் கேட்கவேண்டியது, ஆலை திறக்கும் தேதியையன்று. இம்மூன்றும் கிடைக்கும் தேதியை.