பனங்களியும் போத்தல் திரவமும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு வீடுகளில் அன்று அழுக்குப் போக்கியவை பெரும்பாலும் வளவிலும் அடுப்படியிலுமே கிடைத்தன. பாத்திரத்துக்குச் சாம்பலும் தும்பும், தலை தோய அவித்த சீயாக்காயும் தேசிக்காயும், உடம்புக்குப் பயற்றமா, சுவருக்குச் சுண்ணாம்பு. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் அருமையானபோது, தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்தோர் உட்படக் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் பனங்களியில் உடுப்புத் தோய்த்தது. பனம்பழத்தின் தோலை உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் நுரைக்கும். கொடியில் காயும் சேலையை, மணம் பிடித்து வரும் மாடு சப்பாமல் காவலிருக்க வேண்டும்.

சீயாக்காய்க் கரைசல் வைத்தால் புளித்துவிடும். அன்றைக்கு அவித்தது அன்றைக்கே முடியும். உலர்ந்த சாம்பலிலும் காரமான சுண்ணாம்பிலும் கிருமி வளராது. கெடாமல் காக்கும் இரசாயனத்துக்கு அங்கே வேலையில்லை.

இன்று குறிகட்டுவான் துறையில் தீவுகளுக்குப் படகேறும் சாமான்களில் ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், வாளிகளில் எமல்ஷன் பெயின்ற். இவற்றில் நீர் உண்டு. பாதுகாப்பி இல்லையேல் கிருமி பெருகும். அப்படிச் சேர்க்கப்படுபவற்றுள் ஒன்று மெதைல்ஐசோதயசோலினோன். அழகுசாதனங்களில் இதனைத் தனியாக 100 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 100 பங்கு) வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அனுமதித்தது. தோல் ஒவ்வாமை பெருகவே, பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் 2017இல் தடை வந்தது. கழுவிவிடும் பொருட்களில் 2018 முதல் எல்லை 15 பிபிஎம்.

அன்றைய சுண்ணாம்பும் சாதுவல்ல. கையைச் சுடும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆனால் சுட்டது எதுவென்று அப்போதே தெரிந்தது. இன்றைய பாதுகாப்பிகளின் ஒவ்வாமை தொட்டு ஓரிரு நாள் கழித்தே விரலிடுக்கில் கடிக்கத் தொடங்கும். புதிதாகப் பெயின்ற் அடித்த அறையின் காற்றே சிலருக்கு முகத்தை வீங்க வைக்கும். துப்புரவு செய்வோர், பெயின்ற் அடிப்போர், முடிதிருத்துவோர் கைகளுக்கே ஆபத்து அதிகம். காரணம் அறிய, சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி, 2 நாளில் எடுத்து, மீண்டும் பார்க்க வேண்டும். தீவாருக்கு ஒவ்வொரு தடவையும் பயணம்தான். ஒருமுறை பற்றிய ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும்.

வேலை குறைந்தது, நேரம் மிஞ்சியது. ஆனால் தோலில் படுவது இன்னதென்ற அறிவு போனது. கை கடித்தால் களிம்பை மட்டும் மாற்றாதீர்கள். வீட்டிலும் வேலையிலும் தொட்ட போத்தல்களை, லேபிள் கிழியாமல், மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.