மேகச் சேமிப்பகத்தில் கோப்புகளை நிரல்வழி மொத்தமாக நீக்குதல்

அமேசான் எஸ்3 போன்ற மேகச் சேமிப்பகங்களில் குவிந்த பல்லாயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்காமல் நிரல் எழுதி நீக்கலாம். எஸ்3-இல் ஒரு கோரிக்கைக்கு 1000 கோப்புகள் வரை நீங்கும். பட்டியலும் 1000 பெயர்களாகவே வருவதால் நிரல் சுழன்று சுழன்று இயங்கும்.

இங்கு கோப்புறை என்பது வெறும் தோற்றம். கோப்பின் முழுப்பெயரே உண்டு. நிரல் அதன் முன்னொட்டை ஒப்பிட்டுப் பட்டியலிடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டப் படங்களை வைத்திருப்பவர் சாய்கோடின்றி ‘கல்வராயன்’ என்று கொடுத்தால், ‘கல்வராயன்/’ படங்களோடு ‘கல்வராயன்மலை/’ படங்களும் போய்விடும். ‘கோமுகி/’ அணைப் படங்களில் சிக்கல் நேரெதிர். ஒருங்குறியில் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எஸ்3-க்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒரு பகுதி நீங்காமல் எஞ்சும். தமிழில் கோப்புப்பெயர் வைப்போர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

முன்னொட்டு வெறுமையானால் எல்லாக் கோப்புகளும் பட்டியலில் வந்துவிடும். மேகத்தில் அன்று, மீத்திறன் கணினியில் இத்தகைய பிழை 2021 டிசம்பரில் சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. பழைய பதிவுகளை அழிக்கும் நிரலை, அது ஓடும்போதே மாற்றியதால், வரையறுக்கப்படாத மாறியுடன் அழிப்புக் கட்டளை இயங்கியது. ஏறத்தாழ 77 டெராபைட் தரவு, 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. நான்கு ஆய்வுக்குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை.

நீக்கும் வரியை இயக்குமுன் பெயர்களை அச்சிட்டு எண்ணிப்பார்க்க வேண்டும். எஸ்3-இல் பதிப்புப் பேணலை முன்பே இயக்கியிருந்தால், நீக்கிய கோப்பின்மேல் நீக்கக்குறி மட்டும் விழும். குறியை எடுத்தால் கோப்பு திரும்பும். பதிப்பு அடையாளத்தைக் குறிப்பிட்டு நீக்கியது திரும்பாது.