புல்லுக்கும் ஊறுகாயா?

மாங்காயில் ஊறுகாய் உண்டு, நெல்லிக்காயில் உண்டு. புல்லிலும் உண்டு என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். பின்லாந்து போன்ற நாடுகளில் பல மாதங்கள் பனி மூடிக் கிடப்பதால் பசுக்களுக்கு மேய்ச்சல் இல்லை. ஆகவே கோடையில் அறுத்த பசும்புல்லைக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடிப் புளிக்கவைக்கின்றனர். இதுவே சைலேஜ், தமிழில் ஊறுகாய்ப்புல் என்பர். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக் கூட்டமே இங்கும் வேலை செய்கிறது. புல்லின் சர்க்கரையை அது அமிலமாக்குவதால் புல் அழுகுவதில்லை.

ஆனால் புரதத்தின் கதை வேறு. அறுத்த புல்லினுள் நொதிகள் ஓய்வதில்லை. புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்கிக்கொண்டே இருக்கின்றன. பசும்புல்லின் நைட்ரஜனில் சுமார் முக்கால் பங்கோ அதற்கு மேலோ உண்மைப் புரதமாக இருக்கும்; ஊறியபின் பாதிகூட மிஞ்சாமல் போவதுண்டு. ஈரம் மிகுந்தால் கிளாஸ்ட்ரிடியா என்னும் பாக்டீரியா பெருகி, அமினோ அமிலங்களை அம்மோனியாவாக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியே 'கச்சாப் புரதம்' கணக்கிடுகிறார்கள். அம்மோனியாவிலும் நைட்ரஜன் உண்டல்லவா? ஆகவே எண் அவ்வளவாகக் குறையாது! பசுவுக்குத்தான் நட்டம், அதன் வயிற்று நுண்ணுயிர்கள் பயன்படுத்தியது போக மிகுந்த அம்மோனியா யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

இதைத் தடுக்கப் புல்லை வயலிலேயே பரப்பி வாட்டுகிறார்கள். உலர்பொருள் 100-க்கு 30, 35 என உயர்ந்தால் கிளாஸ்ட்ரிடியா எளிதில் தலைதூக்காது. வாட்டம் விரைவாக நடக்கவேண்டும். மழையில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் அந்நேரமெல்லாம் நொதிகளுக்குக் கொண்டாட்டம். மிதமிஞ்சிக் காய்ந்தாலோ புல் அழுந்தாது. காற்றுத் தங்கிச் சூடேறி, சர்க்கரையும் புரதமும் பிணைந்து பழுப்பாகிச் செரிக்காமல் போகும்.

லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவைக் கிராமுக்கு ஒரு லட்சமோ அதற்கு மேலோ தெளிப்பதும் உண்டு. அமிலம் விரைவில் ஏறி நொதிகளை அடக்கும். ஆனால் சர்க்கரை குறைந்த புல்லில் இவை என்ன செய்யும்? அமிலம் ஏறுமுன் உடைந்த புரதத்தையும் இவை மீட்டுத் தரா. வாட்டுவதே முதல் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்லாந்து வேதியியலார் ஆர்ட்டுரி விர்த்தானென் பாக்டீரியாவுக்குக் காத்திராமல் அமிலத்தையே புல்லில் ஊற்றினார். 1945-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் ஊற்றியவை ஹைட்ரோகுளோரிக், கந்தக அமிலங்கள். இன்று அங்கே பெரிதும் பயன்படுவது ஃபார்மிக் அமிலம். மாமரத்து முசுறு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்தான்!