கலைஞ்சு கிடக்கும் வாக்கியங்கள்... கோக்கத் தெரிஞ்சா மார்க் உங்களுக்கு! - விருத்தாசலம் பொம்மை சொல்லித்தரும் இங்கிலீஷ் பாடம்

விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை எப்படிச் செய்றாங்கன்னு யாரைக் கேட்டாலும், ஒரே மூச்சுல சொல்லிடுவாங்க. ``களிமண்ணைக் கரைச்சு, அச்சுல ஊத்தி, காய வெச்சு, சுட்டு, கிளேஸ்ல முக்கி, திரும்பவும் சுட்டு எடுத்தா பொம்மை ரெடி.'' இந்த வரிசையில ஒண்ணு மாறினாலும் பொம்மை வராது. ஈரம் காயாம சூளையில வெச்சா வெடிச்சிடும்.

ஆனா, இதே ஊர்ல செராமிக் தொழிற்பேட்டை பக்கம் குடியிருக்கும் ஒரு பட்டதாரிகிட்ட, இதே செய்முறையை இங்கிலீஷ்ல ஐந்து வாக்கியமா உடைச்சு, கலைச்சுப் போட்டு, ``வரிசைப்படுத்துங்க''ன்னு கேள்வித்தாள் கேட்டா..? பலர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிடறாங்க. இல்லைன்னா குத்துமதிப்பா ஒரு ஆப்ஷனை டிக் பண்றாங்க.

போட்டித் தேர்வு எழுதறவங்க `பாரா ஜம்பிள்'னு சொல்ற கேள்வி இதுதான். இலக்கணம் படிச்சாச்சு, அர்த்தமும் ஓரளவு புரியுது, ஆனாலும் இதுல மட்டும் மார்க் போகுதேன்னு வருத்தப்படறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எங்கெல்லாம் வருது இந்தக் கேள்வி?

முதல் அறிமுகம் பத்தாம் வகுப்புலயே நடந்துடுது. நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல, ஆங்கிலப் பொதுத்தேர்வுல துணைப்பாடக் கதையிலிருந்து சில வாக்கியங்களைக் கலைச்சுக் கொடுத்து, சரியான வரிசையில எழுதச் சொல்வாங்க. 5 மதிப்பெண்.

அப்புறம் எஸ்.எஸ்.சி நடத்தற சி.ஜி.எல் உள்ளிட்ட தேர்வுகள். வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ், எஸ்.பி.ஐ தேர்வுகள். ராணுவ அதிகாரி ஆக விரும்பறவங்களுக்கு யு.பி.எஸ்.சி நடத்தற என்.டி.ஏ, சி.டி.எஸ். மேலாண்மைப் படிப்புக்கான கேட். எல்லாத்துலயும் ஏதாவது ஒரு வடிவத்துல இது எட்டிப் பார்க்குது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எஸ்.எஸ்.சி-யின் எம்.டி.எஸ் மாதிரியான தேர்வுகளைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகள்ல எழுதலாம்னு 2023-ல அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னாடியே, 2021-ல, பொதுத்துறை வங்கிகளின் கிளர்க் தேர்வுக்கும் இதே மாதிரி அறிவிச்சாங்க. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு இது பெரிய கதவு. ஆனா, இந்தத் தேர்வுகள்ல ஆங்கிலத்தைச் சோதிக்கிற பகுதி ஆங்கிலத்துலதான் இருக்கும். கணக்கையும் ரீசனிங்கையும் தமிழ்ல போட்டுட்டு, ஆங்கிலப் பகுதியில கோட்டை விட்டா, கட் ஆஃப் கைநழுவிப் போயிடும்.

10-ம் வகுப்புப் பழக்கம் ஏன் கைகொடுக்கலை?

பள்ளியில வர்ற கேள்விக்கு, கதை நமக்கு ஏற்கெனவே தெரியும். யார் முதல்ல வந்தாங்க, அப்புறம் என்ன நடந்ததுன்னு ஞாபகத்துல இருந்து எழுதிடலாம். சில பிள்ளைங்க கைடுல இருக்கற எண் வரிசையையே மனப்பாடம் பண்ணிட்டுப் போறதும் உண்டு.

போட்டித் தேர்வுல வர்ற பத்தியை நாம அதுக்கு முன்னாடி பார்த்திருக்கவே மாட்டோம். திமிங்கிலம் பத்தி இருக்கலாம், பணவீக்கம் பத்தி இருக்கலாம். அங்கே ஞாபகத்துக்கு வேலை இல்லை, சாட்சிக்குத்தான் வேலை. `இந்த வாக்கியத்துக்கு அடுத்து அந்த வாக்கியம்தான் வரணும்'னு சொல்ல, வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சொல் சாட்சியா நிக்கும். அதைக் கண்டுபிடிக்கறதுதான் மொத்த விளையாட்டும்.

தமிழ்ல எச்சம்... இங்கிலீஷ்ல?

மேல சொன்ன பொம்மை செய்முறையைத் திரும்பப் பாருங்க. கரைச்சு, ஊத்தி, காய வெச்சு, சுட்டு... எல்லாம் வினையெச்சம். நாலஞ்சு வேலையை ஒரே வாக்கியத்துல கோத்துக் கொண்டுபோற வசதி தமிழ்ல இருக்கு. வரிசை கலைய வாய்ப்பே இல்லை.

இங்கிலீஷ் பொதுவா இதையே நாலஞ்சு தனித்தனி வாக்கியமா உடைச்சிடும். உடைச்ச துண்டுகளை ஒட்ட அதுக்குப் பசை வேணுமே... அந்தப் பசைதான் `எ', `தி', `திஸ்', `இட்', `தே' மாதிரியான குட்டிக் குட்டிச் சொற்கள். ஒரு பொருளை முதல் முறை சொல்லும்போது பெரும்பாலும் `எ' போடுவாங்க. அதே பொருளை மறுபடி சொல்லும்போது `தி' வந்துடும். மூணாவது முறை பேரே சொல்லாம `இட்'னு முடிச்சுக்குவாங்க.

தமிழ்ல `எ', `தி' மாதிரி கட்டாயமான சொல் கிடையாது. அதனால இங்கிலீஷ் படிக்கும்போது நம்ம கண்ணு அதைத் தாண்டிப் பெரிய பெரிய வார்த்தைகள் மேல போய் நிக்குது. மார்க் போறது அங்கேதான். அர்த்தம் தெரியாத கஷ்டமான வார்த்தையை விட்டுடலாம். இந்தச் சின்னச் சொற்களை விடக் கூடாது.

பொம்மை அச்சுல ஒரு பயிற்சி

விருத்தாசலத்துக்கே பழக்கமான வேலையை வெச்சு ஒரு கேள்வி பார்க்கலாம். தேர்வுல இது இங்கிலீஷ்ல இருக்கும். `எ'-க்குப் பதிலா `ஒரு', `தி'-க்குப் பதிலா `அந்த'ன்னு வெச்சுப் படிங்க.

பி: இப்படி உறிஞ்சுவதால், அச்சின் உட்புறச் சுவரில் களிமண் ஒரு தோல் போலப் படிகிறது.

கியூ: பொம்மை செய்பவர்கள் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு கூழ் தயாரிக்கிறார்கள்.

ஆர்: அது போதுமான தடிமனுக்கு வந்ததும், மிச்சக் கூழைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுகிறார்கள்.

எஸ்: அந்த அச்சு, தண்ணீரை மெல்ல உறிஞ்ச ஆரம்பிக்கிறது.

டி: அந்தக் கூழை ஒரு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள்.

இப்போ சாட்சிகளைத் தேடுவோம். கியூ-ல `ஒரு கூழ்' இருக்கு. டி-ல `அந்தக் கூழ்' இருக்கு. அப்போ கியூ-க்கு அடுத்து டி. டி-ல `ஒரு அச்சு' புதுசா வருது. எஸ்-ல `அந்த அச்சு'. அப்போ டி-க்கு அடுத்து எஸ். எஸ்-ல உறிஞ்சுது, பி-ல `இப்படி உறிஞ்சுவதால்'. கடைசியா ஆர்-ல `அது' எது? கூழும் இல்லை, அச்சும் இல்லை. `தடிமனுக்கு வந்ததும்'னு சொன்னதால, பி-ல சொன்ன தோல் மட்டும்தான் அதுக்குப் பொருந்தும்.

விடை: கியூ - டி - எஸ் - பி - ஆர்.

பொம்மை செய்யத் தெரியாதவரும் இதைப் போட்டுடலாம். காரணம், நாம செய்முறையை வெச்சு வரிசைப்படுத்தலை. `ஒரு', `அந்த', `இப்படி', `அது'ன்னு நாலு சொல்லை வெச்சுத்தான் முடிச்சோம்.

முதல் வாக்கியம் எது? அதைவிட, எது இல்லை?

நிறைய பேர் முதல் வாக்கியத்தைத் தேடியே நேரத்தைத் தொலைக்கறாங்க. எது முதல்ல வர முடியாதுன்னு பார்க்கறது சுலபம். இன்னொரு கேள்வி:

பி: ஆனாலும், எல்லோரும் அதை வாங்கிவிடுவதில்லை.

கியூ: காரணம், கைதவறினால் அது உடைந்துவிடும்.

ஆர்: பீங்கான் கோப்பையில் ஊற்றிய டீயின் வாசனை மாறுவதில்லை.

எஸ்: மேலும், அதில் கறையும் எளிதில் ஒட்டாது.

ஆப்ஷன்கள் நாலு: 1. பி-கியூ-ஆர்-எஸ், 2. ஆர்-பி-கியூ-எஸ், 3. எஸ்-ஆர்-கியூ-பி, 4. ஆர்-எஸ்-பி-கியூ.

`ஆனாலும்' அதாவது `ஹவெவர்'னு யாரும் பேச்சைத் தொடங்க மாட்டாங்க. `மேலும்', `காரணம்' ரெண்டும் அப்படித்தான். `அது'ன்னு சொன்னாலும், எதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். அதனால பி, கியூ, எஸ் மூணுமே முதல் வாக்கியம் ஆக முடியாது. முதல் ஆப்ஷனும் மூணாவது ஆப்ஷனும் அவுட்.

மிச்சம் ரெண்டு. `மேலும்' வந்தா, ஒரு நல்ல விஷயத்தோட இன்னொரு நல்ல விஷயம் சேரணும். வாசனை மாறாதுங்கற ஆர்-க்குப் பக்கத்துலதான் கறை ஒட்டாதுங்கற எஸ் உட்காரும். `உடைஞ்சிடும்'னு குறை சொன்ன பிறகு வந்து உட்கார்ந்தா ஒட்டாது. விடை: ஆர் - எஸ் - பி - கியூ. நாலு வாக்கியத்தையும் மனசுக்குள்ள மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

சாட்சி சொல்லும் ஆறு அடையாளங்கள்

1. பேர்: `டாக்டர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம்'னு முழுசா வர்ற வாக்கியம் முன்னாடி. வெறும் `கலாம்' பின்னாடி. `ஹி' அதுக்கும் பின்னாடி.

2. சுருக்கம்: ஓர் அமைப்பின் முழுப்பெயர் முதல்ல, மூணெழுத்துச் சுருக்கம் அடுத்து.

3. சுட்டு: `திஸ்', `தீஸ்', `சச்' வந்தா, அது எதைச் சுட்டுதோ அந்த வாக்கியம் பெரும்பாலும் ஒட்டி முன்னாடி இருக்கும்.

4. ஒருமை, பன்மை: `தே' இருந்தா முந்தைய வாக்கியத்துல பன்மைச் சொல் இருக்கணும். `இட்' இருந்தா ஒருமை.

5. திருப்பம்: `ஹவெவர்', `பட்' வந்தா முந்தைய வாக்கியம் எதிர்ப்பக்கம் பேசணும். `தேர்ஃபோர்' வந்தா முந்தையது காரணம் சொல்லணும்.

6. காலம்: ஆண்டு வரிசை உதவும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடாது. `ஹேட்' சேர்ந்த வினை வந்தா, கதை பின்னோக்கிப் போகுதுன்னு அர்த்தம். அந்தப் பழைய சம்பவம், புதுசுக்குப் பின்னாடி வரலாம்.

தேர்வுக்குத் தேர்வு கணக்கு வேற!

எஸ்.எஸ்.சி சி.ஜி.எல் முதல் நிலையில 100 கேள்வி, 60 நிமிஷம். சராசரியா ஒரு கேள்விக்கு 36 விநாடி. அதனால அங்கே ஆப்ஷனை வெச்சு வெட்டற வழிதான் கைகொடுக்கும். தப்பான விடைக்கு 0.50 மார்க் குறையும். நிச்சயமான ஒரு ஜோடியாவது கிடைச்சாதான் டிக் பண்ணணும்.

வங்கித் தேர்வுல பழைய வடிவம் ஒண்ணு உண்டு. ஐந்தாறு வாக்கியம் கொடுத்து, `இரண்டாவது எது, கடைசி எது'ன்னு தனித்தனியா ஐந்து கேள்வி கேட்பாங்க. வரிசை சரின்னா ஐந்தும் நமக்கு, தப்புன்னா நிறைய போயிடும். தப்பான விடைக்குக் கால் பங்கு மார்க்கும் குறையும். அதனால இந்த செட்டுக்குக் கூடுதலா ஒரு நிமிஷம் செலவழிக்கலாம்.

என்.டி.ஏ, சி.டி.எஸ்-ல முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் அவங்களே கொடுத்துடறது வழக்கம். நடுவுல நாலு வாக்கியத்தைக் கோத்தா போதும். அங்கே கடைசி வாக்கியத்தை முதல்ல படிங்க. அதுல இருக்கற `திஸ்', `ஹி' எதைக் காட்டுதுன்னு பார்த்தா, பின்னாலிருந்தே ஒரு முடிச்சு அவிழும்.

கேட் தேர்வுல இதுக்கு ஆப்ஷனே கிடையாது, விடையை நாமே டைப் பண்ணணும். அந்தக் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க்கும் இல்லை. அதனால முழுசா உறுதி இல்லைன்னாலும் ஒரு விடையைப் போட்டுட்டு வரலாம்.

வீட்டிலேயே பயிற்சி... செலவு ஒரு பேப்பர்!

கோச்சிங் சேர சென்னைக்கோ திருச்சிக்கோ போக வசதி இல்லாதவங்க நிறைய. இந்தப் பகுதிக்கு மட்டும் அது தேவையும் இல்லை. பழைய இங்கிலீஷ் நாளிதழ் ஒண்ணு, கத்தரிக்கோல் ஒண்ணு போதும்.

ஐந்து வாக்கியம் இருக்கற ஒரு பத்தியைத் தேர்ந்தெடுங்க. அதை நீங்க படிக்காம, வீட்டுல யாரையாவது வெட்டித் தரச் சொல்லுங்க. வெட்டறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியணும்னு இல்லை, முற்றுப்புள்ளி தெரிஞ்சா போதும். வெட்டறதுக்கு முன்னாடி பத்தியை மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. அதுதான் விடைத்தாள்.

துண்டுகளைத் தரையில பரப்பி, `எ', `தி', `திஸ்', `இட்', `தே' எங்கே இருந்தாலும் பென்சில்ல வட்டம் போடுங்க. வட்டத்துக்கு வட்டம் ஜோடி சேருங்க. ரெண்டு ரெண்டா ஒட்டின பிறகு மொத்தமா ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. போட்டோவோட ஒப்பிடுங்க. தப்பாயிருந்தா, எந்தச் சொல்லைக் கவனிக்காம விட்டோம்னு மட்டும் நோட்டுல எழுதுங்க. பத்து நாள் எழுதினா, உங்களுக்கு அடிக்கடி வழுக்கற சொல் எதுன்னு அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல, பாடப்புத்தகத்துல ஒரு பத்தியை ஜெராக்ஸ் எடுத்து இதே மாதிரி வெட்டலாம். தெரிஞ்ச கதையில இருந்து ஆரம்பிச்சு, தெரியாத பத்திக்குப் போகட்டும். எண் வரிசையை மனப்பாடம் பண்ற பழக்கம் அங்கேயே விட்டுப்போகும். நாலஞ்சு வருஷம் கழிச்சு வேலைத் தேர்வுக்கு உட்காரும்போது, முன்பின் தெரியாத பத்தியைப் பார்த்தாலும் அந்தப் பிள்ளை முதல்ல தேடப்போறது `எ', `தி'யைத்தான்.